உபவாச நாளில் வந்த விருந்து

அவளை எனக்குப் பிடிக்காது என்பது சபையில் யாருக்கும் தெரியாது. பார்த்தால் நானேதான் முதலில் சிரிப்பேன். "வாம்மா, சாப்ட்டியா?" என்று கேட்டுக் கையைப் பிடித்துக்கொள்வேன். உள்ளே எனக்கு எரியும்.

நான் நர்ஸ். குடியிருப்பது துபாய் பக்கத்து அஜ்மானில், வேலை ஷார்ஜாவில் ஒரு கிளினிக்கில். என் கணவருக்கு வேலை குவைத்தில், ஃபஹாஹீல் பக்கம். வருடத்துக்கு ஒரு முறை லீவு போட்டு ஊரில் சந்தித்துக்கொள்கிற குடும்பம் எங்களுடையது. ஆகவே அங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமை நடக்கிற ஆராதனைதான் எனக்குச் சொந்தம், பந்தம், திருவிழா எல்லாம். பதினேழு வருடமாக அதே தமிழ்ச் சபை. நாற்காலி துடைத்திருக்கிறேன், கிறிஸ்துமஸ் அசன விருந்துக்கு வெங்காயம் உரித்திருக்கிறேன், பிரசவமான பெண்கள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளை குளிப்பாட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒரே ஒரு முறைகூட மைக் முன்னால் நின்றதில்லை. யாரும் கூப்பிடவில்லை. கேட்டு வாங்க எனக்கு வாய் வரவில்லை.

அவள் வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. டைப்பிங் சென்டரில் வேலை, அதாவது விசாவுக்கும் ஐடிக்கும் ஃபாரம் அடித்துக் கொடுக்கிற கடை. என் ஊரிலிருந்து இரண்டு ஊர் தள்ளி, அதே தூத்துக்குடிக் கடற்கரை. வயது இருபத்தெட்டு. வந்த மாதமே பாடகர் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். ஆறாம் மாதம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை அவள் கையில் கொடுத்தார்கள். முதல் வருடம் முடிவதற்குள் இரண்டு தடவை மைக் முன்னால் நின்று, கர்த்தர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்லிவிட்டாள். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வர வேண்டிய காலம் வழி விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டது.

இதை நான் என் கணவரிடம் மட்டும் போனில் சொல்வேன். அவர் சிரிப்பார். "உனக்குப் பரலோகம் கிடைக்காட்டியும் பரவாயில்ல, ஒரு மைக் கிடைச்சாப் போதும், என்ன?" என்பார். எனக்குக் கோபம் வந்து போனை வைத்துவிடுவேன். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

எங்கள் சபையில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஈத் பெருநாள் விடுமுறையில் ஒரு குழு ஆப்பிரிக்காவுக்கு மிஷனரிப் பயணம் போகும். ஐந்து நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைப்பது அப்போதுதான். முந்தின இரண்டு தடவையும் எனக்கு டியூட்டி மாற்றிக் கிடைக்கவில்லை. இந்தத் தடவை மூன்று பேரிடம் கெஞ்சி, அவர்களுடைய நைட் டியூட்டிகளை முன்னதாகவே பார்த்துக் கொடுத்து இடம் பிடித்தேன். ஒன்பது பேர், உகாண்டா. பட்டியலில் என் பெயருக்கு நேர் கீழே அவள் பெயர் இருந்தது.

போய்விட்டு வந்த முதல் வெள்ளிக்கிழமை, முழு ஆராதனையில், குழுவிலிருந்து ஒருவர் ஏழு நிமிடம் சாட்சி சொல்வது வழக்கம். ஏழு நிமிடத்துக்கு மேல் கிடையாது. எங்களுக்குப் பிறகு அதே ஹாலில் வேறொரு பாஷைக்காரர்களின் ஆராதனை, வாசலில் செருப்போடு காத்திருப்பார்கள். அந்த ஒருவர் யார் என்பதைக் குழுத் தலைவரே தீர்மானிக்கட்டும் என்று போதகர் ஏர்போர்ட்டில் ஜெபம் பண்ணி அனுப்பும்போது சொன்னார். எல்லோரும் தலையாட்டிவிட்டு அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். சொல்லிவைத்த மாதிரி எட்டுத் தலையும் திரும்பியது. என் தலையும்தான். அந்த நிமிடமே நான் முடிவு செய்தேன், இந்த ஏழு நிமிடத்தை அவளுக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்று.

போன இடத்திலும் அவள்தான். விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிறவரிடம் "ஒலி ஒத்யா?" என்றாள். அந்த மனிதர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வாய் நிறையச் சிரித்தார். சௌக்கியமா என்று அர்த்தமாம். எங்கே படித்தாய் என்று தலைவர் கேட்டதற்கு, "எங்க பில்டிங் வாட்ச்மேன் உகாண்டாக்காரர்தான் ஐயா. ஒரு மாசமா டெய்லி ரெண்டு ரெண்டு வார்த்தையா சொல்லித் தந்தாரு" என்றாள். எங்கள் கட்டிடத்திலும் வாட்ச்மேன் உகாண்டாக்காரர்தான். ஆறு வருடமாக லிஃப்ட் பக்கத்தில் அவரைத் தாண்டித்தான் டியூட்டிக்குப் போகிறேன். குட் மார்னிங் தவிர அவரிடம் ஒன்றும் பேசியதில்லை. இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசித்து யோசித்து அன்று முழுவதும் அவள்மேல்தான் ஆத்திரப்பட்டேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம், நாங்கள் தங்கியிருந்த விடுதியில் ஜெபத்துக்குக் கூடினோம். மறுநாள்தான் பயணத்தின் முக்கியமான நாள். டவுனிலிருந்து வேனில் இரண்டு மணி நேரம் போய் ஒரு கிராமத்துச் சபையில் நாள் முழுவதும் இருக்க வேண்டும். காலையில் நான் பிரஷர், சுகர் பார்க்கிற சின்ன மெடிக்கல் கேம்ப் நடத்துவேன். அவள் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் நடத்துவாள். மத்தியானத்துக்கு மேல் கூட்டமும் பொருள் கொடுப்பதும். எங்கள் குழுத் தலைவர் பைப்லைன் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர், அறுபதை நெருங்கியவர், நல்ல மனிதர், எதையும் தனியாகத் தீர்மானிக்க மாட்டார். "நாளைக்கு எல்லாரும் ஒரு மனசா போகணும். எப்படி ஆயத்தப்படலாம், சொல்லுங்க" என்றார்.

நான் சொன்னேன், "உபவாசமா போவோம் ஐயா. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும். தண்ணி மட்டும்."

எங்கள் சபைகளில் ஒருவர் உபவாசம் என்று வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொல்கிறவர்கள் வயிற்றுக்கு ஊழியம் செய்கிறவர்கள் ஆகிவிடுவார்கள். ஒவ்வொருவராக ஆமென் சொன்னார்கள். தலைவர் மகிழ்ந்துபோனார். "சிஸ்டர் சொன்னது கர்த்தருடைய ஆலோசனை" என்றார். உபவாசத்தை ஊருக்குத் தமுக்கடிக்கக் கூடாது என்பது நாங்கள் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது. ஆகவே கிராமத்துக்காரர்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று ஒன்பது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் ஏன் சொன்னேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு வயிற்றில் அல்சர். ஒரு வருடம் முன்னால் அவள் வாந்தியில் ரத்தம் வந்தபோது டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். வயிற்றைக் காயப்போடவே கூடாது என்று டாக்டர் சொன்னதை அவளுக்குத் திரும்பத் திரும்பப் படித்துக்காட்டியதும் நான். அவளால் உபவாசம் இருக்க முடியாது என்று அந்த அறையில் தெரிந்திருந்தவர்கள் அவளும் நானும் மட்டுமே.

ஜெபம் முடிந்து வராந்தாவில் அவள் என்னிடம் வந்தாள். "அக்கா, நான் என்ன செய்ய? மாத்திரை போட்டுட்டு இருந்துரவா?" என்றாள்.

"முடியலன்னா நீ சாப்பிட்டுக்கோம்மா. உனக்காக நாங்க எல்லாரும் ஜெபிச்சுக்கிடுதோம்" என்றேன். குரலில் அவ்வளவு தேன். இப்படிச் சொன்னால் எந்தப் பெண்ணும் சாப்பிட மாட்டாள் என்று எனக்குத் தெரியும். "இல்லக்கா, இருந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நர்ஸ் வேலையில் இருபத்து மூன்று வருடம் இருந்திருக்கிறேன். தெரிந்தே ஒரு நோயாளிக்குக் கெடுதல் செய்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் கிராமத்துக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பது இருக்கும். தகரக் கூரை போட்ட சபை, சுற்றிலும் வாழைத் தோட்டம். உள்ளூர்ப் போதகரின் மனைவி எங்களை வரவேற்க வந்தார். என் வயதுதான் இருக்கும், உயரமான பெண்மணி. எங்கள் ஒவ்வொருவர் முன்னாலும் வந்து மண்ணில் முழங்காலிட்டு இரண்டு கையாலும் எங்கள் கையைப் பிடித்தார். அந்தப் பக்கத்துப் பெண்கள் பெரியவர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் அப்படித்தான் வணக்கம் சொல்வார்களாம். ஜெபத்துக்கு மட்டும் முழங்காலிட்டுப் பழகிய எங்களுக்கு உடம்பு கூசிப்போனது. நாங்கள் எட்டுப் பேரும் "நோ, நோ" என்று அவரைத் தூக்கிவிடப் பார்த்தோம். அவள் மட்டும் சட்டென்று தானும் முழங்காலிட்டாள். இரண்டு பேரும் மண்ணில் எதிரெதிரே நின்று சிரித்துக்கொண்டார்கள். யாரோ போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோ பத்து நிமிடத்தில் சபை வாட்ஸ்அப் குரூப்பில் ஏறி, அஜ்மானிலிருந்தும் சோனாப்பூர் லேபர் கேம்பிலிருந்தும் இதயம் இதயமாக வந்து விழுந்தது. நானும் ஒரு இதயம் போட்டேன். போடாவிட்டால் தெரிந்துவிடும்.

என் மேஜைக்கு நல்ல கூட்டம். பிரஷர் பார்த்து, சுகர் பார்த்து, தாய்மார்களுக்கு அறிவுரை சொன்னேன். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், சாப்பாட்டை மூடி வையுங்கள், ஈ மொய்த்ததைத் தொடாதீர்கள், சோப்பு போட்டுக் கை கழுவாமல் சமைக்காதீர்கள். போதகரின் மனைவிதான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். நல்ல இங்கிலீஷ் அவருக்கு. அவர் உடையில் விறகுப் புகை வாசனை. இடையிடையே ஒரு பெண் வந்து காதில் ஏதோ சொல்வாள், அவர் சபைக்குப் பின்பக்கம் ஓடிப்போய்த் திரும்பி வருவார். என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் என் வேலை நிற்கிறதே என்று எரிச்சல்தான் பட்டேன்.

ஏனென்றால் என் கண் முழுவதும் பலாமரத்தடியில் இருந்தது. அங்கே அவள் நூறு பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி, கை தட்டி ஆடுகிற ஒரு தமிழ்ப் பாட்டைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைகள் அட்சரம் பிசகாமல் தமிழில் பாடின. என் மேஜைக்கு வந்த கிழவிகள்கூட கையில் பிரஷர் பட்டை கட்டியிருக்கும்போதே அந்தப் பக்கம் பார்த்துத் தலையாட்டினார்கள். நான் ஒரு பாட்டியிடம் பிரஷர் அதிகம், உப்பைக் குறையுங்கள் என்று சொல்கிறேன். பாட்டி தாளம் போடுகிறார்.

பதினொன்றரைக்கு மேல் அவள் முகம் மாறியது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் மரத்தில் சாய்ந்துகொண்டு, வயிற்றில் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது. அந்த வலி எந்த இடத்தில் எப்படிப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். எழுந்து போய் என் பையிலிருந்த பிஸ்கட்டைக் கொடுத்திருக்கலாம். போகவில்லை. இன்னும் ஒரு மணி நேரம், ஒன்று உட்கார்ந்துவிடுவாள், அல்லது எல்லோருக்கும் முன்னால் சாப்பாடு கேட்பாள் என்று கணக்குப் போட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் சந்தோஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு மணிக்குப் போதகரின் மனைவி எங்களைச் சபைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். பாய்கள் விரித்திருந்தன. பாயின் நடுவில் வாழையிலைப் பொட்டலங்கள், ஒவ்வொன்றும் தேங்காய் அளவு, நாரால் கட்டியவை. ஒன்பது பொட்டலம். இலையைத் தணலில் வாட்டி, அதற்குள் கோழிக்கறியை நிலக்கடலை விழுதோடு வைத்துக் கட்டி, மணிக்கணக்காக ஆவியில் வேகவைப்பார்களாம். கல்யாணத்துக்கும் பெரிய விருந்தாளிகளுக்கும் மட்டும் செய்கிற சாப்பாடு, ஆளுக்கு ஒரு பொட்டலம். பக்கத்தில் மசித்த வாழைக்காய் மலை மாதிரி. சுற்றிலும் ஊர்ப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், கண் சிவந்து, புகை படிந்து, சிரித்துக்கொண்டு நின்றார்கள். முந்தின நாளிலிருந்து சமைத்திருக்கிறார்கள். எங்கள் ஒன்பது பேருக்காக எத்தனை வீட்டுக் கோழி போயிற்றோ.

 தலைவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

போதகரின் மனைவி ஒரு ஜாடியும் பேசினும் எடுத்துக்கொண்டு வந்தார். பெண்களில் மூத்தவள் நான் என்பதால் முதலில் என்னிடம் வந்தார். என் முன்னால் முழங்காலிட்டு, கை கழுவத் தண்ணீர் ஊற்ற ஜாடியைச் சாய்த்துப் பிடித்தார். நான் கையை நீட்டவில்லை.

தலைவர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார், "சிஸ்டர், நீங்கதான் உபவாசம்னு சொன்னது. நீங்களே சொல்லுங்க. சாப்பிட்டுருவமா? கர்த்தர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

நான் ஆமாம் என்றால் முடிந்தது. எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எல்லோரும் சாப்பிட்டால் அவளும் எல்லோரோடும் சேர்ந்துவிடுவாள். காலையிலிருந்து நான் பட்ட பசி வீணாகும். வெள்ளிக்கிழமை ஏழு நிமிடம் பழையபடி அவள் மடியில் போய் விழும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போக நான் விடுவதாயில்லை.

"செஞ்ச தீர்மானம் தீர்மானம்தான் ஐயா" என்றேன். பிறகு போதகரின் மனைவியிடம் இங்கிலீஷில், நாங்கள் இன்று உபவாசம், மாலை வரை சாப்பிட மாட்டோம் என்று சொன்னேன்.

அவர் ஜாடியைச் சாய்த்தபடியே இருந்தார். திரும்பிப் பெண்களிடம் அவர்கள் பாஷையில் சொன்னார். அவர்களுடைய சிரிப்பு உடனே போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. ஒரு பெண் ஏதோ கேட்டாள். போதகரின் மனைவி அதை மொழிபெயர்க்கத் தயங்கினார். பிறகு சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "சோப்பு போட்டுத்தான் கழுவினோம், தண்ணீரைக் கொதிக்கவைத்தோம், ஈ மொய்க்கவில்லை என்று டாக்டரம்மாவிடம் சொல்லச் சொல்கிறாள்."

காலை முழுவதும் நான் அவர்களுக்குச் சொன்ன பாடம். அதை வைத்துத்தான் நான் அவர்கள் சாப்பாட்டைத் தள்ளுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். இல்லை, இல்லை, அது காரணமில்லை என்றேன். எந்த பாஷையில் சொன்னாலும் அந்த நேரத்தில் அது பொய் மாதிரிதான் கேட்டிருக்கும்.

அப்போது அவள் என்னைத் தாண்டி வந்தாள். "அக்கா, அவங்க இன்னும் முழங்கால்லயே நிக்காங்க" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு என் இடத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் ஜாடிக்குக் கீழே நீட்டினாள். தண்ணீர் விழுந்தது. "வெபாலே" என்றாள், நன்றி என்று அர்த்தம். பொட்டலத்தின் நாரை அவிழ்த்தாள். ஆவி எழும்பியது. அந்த மணம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது, மணத்தோடு சரி. அவள் சாப்பிடுகிறதைப் பெண்கள் எல்லோரும் குனிந்து நின்று பார்த்தார்கள். ஒருத்தி இன்னும் கொஞ்சம் வாழைக்காயை அவள் தட்டில் வைத்தாள். போதகரின் மனைவி, வீட்டுப் பெரியவருக்கு என்று எடுத்துவைக்கிற கோழியின் இரைப்பைத் துண்டைத் தேடி எடுத்து அவளுக்குக் கொடுத்தார்.

நாங்கள் எட்டுப் பேரும் சுவரோரமாக நின்றோம். நின்றிருந்தவர்களில் இரண்டு பேருக்கு உட்கார்ந்துவிடலாமா என்று கால் தவித்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்கள் வந்து மீதி எட்டுப் பொட்டலங்களையும் ஒரு கூடையில் அடுக்கி எடுத்துக்கொண்டு போனார்கள். மத்தியானக் கூட்டத்தில் பாதிப் பேர் இல்லை. நாங்கள் ஊருக்குப் பெட்டி கட்டுகிற மாதிரியே கயிறு சுற்றி, மார்க்கரில் எழுதிக் கொண்டுபோன பால்பவுடரையும் பேரீச்சையையும் வந்தவர்கள் வாங்கிக்கொண்டார்கள். நன்றி சொன்னார்கள். கை கொடுத்தார்கள். காலையில் போல யாரும் சிரிக்கவில்லை, அவளிடம் தவிர.

சாயங்காலம் வேனில் திரும்பினோம். டவுன் நெருங்கும்போது தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சாட்சி யார் சொல்லணும்னு போதகர் கேட்டிருந்தாரு. நான் ஜெபம் பண்ணிப் பாத்தேன். சிஸ்டர்தான் சொல்லணும். இன்னைக்கு ஒரு சோதனை வந்துச்சு, அவங்கதான் உறுதியா நின்னாங்க" என்றார். அவர் நம்பித்தான் சொன்னாரா, செய்துவிட்ட தவறைச் சரி என்று ஆக்கிக்கொள்ளச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. நான் தலையைக் குனிந்து, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றேன்.

பின்சீட்டிலிருந்து அவள்தான் முதலில் கை தட்டினாள். "அக்காதான் சரி ஐயா! பதினேழு வருஷமா அக்கா எவ்வளவு செஞ்சிருக்காங்க!" என்றாள். நடிப்பு இல்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் நடிப்பைக் கண்டுபிடிப்பதற்காகவே திரும்பிப் பார்த்தேன். அவள் தோற்றுப்போன முகத்தோடு இருப்பாள் என்றுதான் இவ்வளவும் செய்தேன். அதைக்கூட அவள் எனக்குத் தரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. ஊரிலிருந்து எடுத்துவந்து கட்டாமல் வைத்திருந்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டேன். பேப்பரில் எழுதி, கண்ணாடி முன்னால் மணி பார்த்துப் படித்து வைத்திருந்தேன். என் கணவர் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். போதகர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பதினேழு வருடம் கழித்து மைக்கைப் பிடித்தேன்.

முதல் நான்கு நிமிடம் எத்தனை பேருக்குப் பிரஷர் பார்த்தோம், எத்தனை பெட்டி கொண்டுபோனோம் என்று படித்தேன். யாரும் கேட்கவில்லை. பின்வரிசையில் லேபர் கேம்பிலிருந்து வந்த பையன்கள் கம்பெனி பஸ் வந்துவிட்டதா என்று ஜன்னலைப் பார்த்தார்கள். ஒரு அம்மா பிள்ளைக்குப் பாட்டிலைத் தேடினார். எனக்குப் பயம் வந்துவிட்டது. இவ்வளவு நாள் காத்திருந்தது இதற்கா? பேப்பரை மடித்தேன். "அங்கே எங்களுக்கு ஒரு விருந்து வைத்தார்கள்" என்றேன். ஹால் நிமிர்ந்தது. முழங்காலிட்டுத் தண்ணீர் ஊற்றியதைச் சொன்னேன், வாழையிலைப் பொட்டலத்தைச் சொன்னேன், ஒன்பது கோழிப் பொட்டலம், நார், ஆவி எல்லாம் சொன்னேன். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். "நாங்கள் அந்த மக்களோடு பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிட்டோம்" என்றேன். ஆமென் என்று ஹால் முழங்கியது. என் குரல் தழுதழுத்தது, அதுவும் தானாகவே வந்தது. குழுவில் வந்தவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். தலைவர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிமிரவேயில்லை.

ஆராதனை முடிந்து காம்பவுண்டில் டீயும் சமோசாவும் கொடுத்தார்கள். என்னைச் சுற்றி ஒரு கூட்டம். இப்படி ஒரு கூட்டம் அவளைச் சுற்றித்தான் நான் பார்த்திருக்கிறேன். எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை. அப்போது பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருக்கிற ஒரு மூத்த அம்மா, சமையலில் கெட்டிக்காரி, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அந்தக் கடலைக் கறி என்ன ருசிம்மா? இனிப்பா, உறைப்பா? நம்ம வீட்ல செஞ்சு பாக்கலாமா?"

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ஏழு நிமிடத்துக்கும் சொல்லத் தெரிந்த எனக்கு இந்த ஒரு கேள்விக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் டீ கப்போடு அவள் நின்றிருந்தாள். எங்கள் கண் ஒரு தடவை சந்தித்தது. இனி முடிந்தது என்று நினைத்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும் அவளுக்கு.

அவள் நெருங்கி வந்து என் தோளில் கையைப் போட்டாள். "அக்கா எப்படிச் சொல்லுவாங்க, பேசுனதுல தொண்டையே அடைச்சுப் போச்சுல்லா" என்றாள். "இனிப்பும் இல்ல, உறைப்பும் இல்லம்மா. உப்பு லேசாத்தான் இருக்கும். கடலை வெண்ணெய் மாதிரி கரைஞ்சு, இலை வாசம் கறிக்குள்ள போயிருக்கும். முதல் வாய்க்கு ஒண்ணும் தெரியாது. மூணாவது வாய்க்குத்தான் விட மனசு வராது. அக்காவுக்கு ரொம்பப் பிடிச்சுது. ரெண்டாவது தடவ கேட்டு வாங்குனாங்க, என்னக்கா?"

பொய் சொல்வதில்கூட அவள் என்னைவிட நன்றாகச் சொன்னாள். அம்மா நாக்கில் நீர் ஊறச் சிரித்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று தெரிந்தது. நான் எப்படிப்பட்டவள் என்று அவளுக்கு முன்பே தெரியும் என்பதும் தெரிந்தது. அழுதிருக்க வேண்டும், அல்லது அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். மூன்றாவது வாய்க்கு விட மனசு வராது என்று அவள் சொன்னது மட்டும்தான் காதில் நின்றது. அந்த ருசி அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.